உங்க பிள்ள எங்க படிக்கா, டீச்சர்?

1

வள்ளியூரில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி இப்போது ஊரில் சிறுபத்திரிகை ஒன்று நடத்துகிறாள். மும்பையில் வாத்தியார் வேலை பார்க்கும் ஒரே ஆள் அவளுக்குத் தெரிந்தவரை நான்தான். "பம்பாயில் தமிழ் வளர்க்கும் ஆசிரியை" என்று தலைப்பையும் அவளே போட்டு, கட்டுரை எழுதி அனுப்பு என்று போனில் சொன்னாள். "மழை, லோக்கல் ரயில், வடாபாவ் எல்லாம் நாங்க நெறைய படிச்சாச்சு. உன் கிளாஸப் பத்தி எழுது" என்றாள்.

எழுதுகிறேன். தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன். அந்தத் தலைப்புக்குக் கீழே என் பெயர் வருவதை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போடுவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்துகொள்ளட்டும்.

2

கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரருக்குக் குர்லாவில் லேத் பட்டறை. முதலில் தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். மகள் நிவேதா பிறந்த பிறகு செம்பூருக்கு வந்தோம். தினமும் காலையில் செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் இருக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு நடக்கிறேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எப்போதும் எனக்கு.

நான் சேர்ந்த புதிதில் ஒன்றாம் வகுப்பே இரண்டு பிரிவு. பெஞ்சில் இடம் இல்லாமல் பிள்ளைகள் தரையில் உட்காரும். இப்போது பெஞ்சுகள் மிச்சம். கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து சில குடும்பங்கள் வடக்கே பாண்டுப் புறநகருக்குப் போய்விட்டன. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. நாலு சந்து தள்ளி டை கட்டிய பிள்ளைகள் போகும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் முளைத்துவிட்டன. கஞ்சி குடித்துக்கொண்டாவது பிள்ளையை அங்கே சேர்க்கிறார்கள்.

வருகிற பிள்ளைகளின் தமிழும் மாறிவிட்டது. "டீச்சர், இவன் என் பெஞ்சில கிச்கிச் பண்ணுதான்" என்பார்கள், தொந்தரவு செய்கிறான் என்பதற்கு. நான் மட்டும் என்னவாம்? "டப்பாவ பந்த் பண்ணிட்டு லைன்ல நில்லு" என்று நானே சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தில் எத்தனை தமிழ்ச் சொல் இருந்தது என்று தோன்றும்.

ஒருநாள் பாடத்தில் "முற்றம்" வந்தது. முற்றம் என்றால் என்ன என்று கேட்டார்கள். கீழே ஒரு அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஒரு அறை, அதில் வேறு குடும்பம் என்று வாழ்கிற பிள்ளைகள். நான் விளக்கிப் பார்த்தேன். புரியவில்லை. கடைசியில், "அதாண்டா, ஆங்கன்" என்று இந்தியில் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "ஆங்கன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்படிக் கேட்டவள் செல்வி. இந்தக் கட்டுரை அவளையும் அவள் அம்மாவையும் பற்றியதுதான்.

3

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் நாங்கள் ஆசிரியைகள் சந்து சந்தாகப் போய்ப் பிள்ளை கேட்போம். ஒன்றாம் வகுப்புக்குப் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஆசிரியையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். போன வருஷம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை உங்க கிளாஸ்தான் டீச்சர் ஆபத்துல இருக்கு. மாற்றல் வந்தா விக்ரோளியோ முலுண்டோ, என் கையில இல்ல" என்றார்.

நானும் ஜமீலா டீச்சரும் கிளம்பினோம். ஜமீலா டீச்சர் மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட மூத்தவர், நாலாம் வகுப்பு அவருக்கு. குடையை மடக்கி மடக்கி, சாக்கடைப் பலகையைத் தாண்டித் தாண்டிப் போனோம். பல வீடுகளில், "அவுக வந்ததும் கேட்டுச் சொல்லுதேன் டீச்சர்" என்று அனுப்பிவிட்டார்கள்.

செல்வியின் அம்மா இசக்கியம்மாள் வீட்டில் இட்லி வேலை. அவளும் புருஷனும் விடிவதற்கு முன்னால் அவித்து முடித்துவிடுவார்கள். அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாஹிம் பக்கம் விற்கப் போவார். நாங்கள் போனபோது அவள் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னாள். இலவசப் புத்தகம், பை, சீருடை, மதியச் சாப்பாடு என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். தாய்மொழியில் படித்தால் பிள்ளைக்குப் புத்தி நன்றாக விரியும் என்றும் சொன்னேன். அதை நான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எல்லாம் சரி. உங்க பிள்ள எங்க படிக்கா, டீச்சர்?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு கடையில் நல்ல அரிசி எது என்று கடைக்காரரையே கேட்பதுபோலக் கேட்டாள். நீ உன் வீட்டுக்கு எதை வாங்குகிறாயோ அதை எனக்கும் கொடு என்று.

என் மகள் அப்போது செம்பூரில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது. எல்.கே.ஜி.யிலிருந்தே அங்கேதான். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

"எம் பொண்ணும் நம்ம ஸ்கூல்லதாம்மா, நாலாவது வரைக்கும். தமிழ்லதான் படிச்சா. அதுக்கப்புறம்தான் இங்கிலீஷ். இப்போ ஃபர்ஸ்ட் வாரா" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். யோசித்துத்தான் சொன்னேன். "ஃபர்ஸ்ட் வாரா" என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன்.

இசக்கியின் முகம் தெளிந்தது. "அப்படின்னா சேத்துக்கோங்க டீச்சர்" என்றாள். அந்த வாரமே அவள் பேச்சைக் கேட்டு அதே சந்திலிருந்து இன்னும் சில பேர் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். "டீச்சர் மகளே இங்கதான் படிச்சிருக்காம்லா" என்று வாசலில் ஒரு தாய் இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வகுப்பு தப்பியது. தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அன்று இசக்கி வீட்டிலிருந்து திரும்பும்போது ஜமீலா டீச்சர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பள்ளி வாசல் வந்ததும் நின்று, "நா ஒண்ணும் பொய்யே சொல்லாதவ இல்ல. ஆனா அந்தப் பொம்பள ஒங்கள நம்பிட்டா டீச்சர். அதத்தான் நெனச்சிட்டு வந்தேன்" என்றார்.

4

செல்வி மாதிரி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் வாத்தியாருக்கு வேலை குறைவு. எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள் என்றால் பிடித்துக்கொண்டாள்தான். தீபாவளிக்குள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். எண்ணெய்ப் பலகாரம் சுற்றி வந்த தாளைக்கூட விடமாட்டாள். இசக்கி அடிக்கடி பள்ளி வாசலுக்கு வந்து, "டீச்சர், இவ ராத்திரி அப்பாக்குப் படிச்சுக் காட்டுதா. அவருக்குக் கண்ணுல தண்ணி" என்பாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்க முடியவில்லை. அவள் வருவதைப் பார்த்தால் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.

ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள்: "பாப்பாவ ஒருநா கூட்டிட்டு வாங்களேன் டீச்சர். எங்க சந்துல ரெண்டு பேரு இப்பமே இங்கிலீசுக்கு மாத்தணும்னு நிக்காவ. ஒங்க பாப்பா வந்து நாலு வார்த்த பேசுனா போதும்." நான் ஒருமுறை பரீட்சை என்றேன். ஒருமுறை காய்ச்சல் என்றேன். காய்ச்சல் என்று சொன்ன மறுநாள் செல்வி ஒரு டப்பாவில் இட்லியும் மிளகு ரசமும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அக்காவுக்கு அம்மா குடுத்துச்சு."

அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிவேதா நன்றாகத்தான் இருந்தாள். ரசித்துச் சாப்பிட்டாள். யார் கொடுத்தது என்று இந்தியில் கேட்டாள். ஒரு பிள்ளையின் அம்மா என்றேன்.

நிவேதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இந்தியில் பதில் சொல்வாள். ஒருமுறை என் அண்ணன் ஊரிலிருந்து வந்து தாதரில் இறங்கினார். நிவேதா அவருக்குப் போன் போட்டாள். "மாமா, இறந்துட்டீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். இறங்கிட்டீங்களா என்பதைத்தான் அப்படிக் கேட்டாள். அண்ணன் ஸ்டேஷனில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "ஏ, நீ ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் தமிழ் சொல்லிக் குடுக்க. ஒன் வீட்டுக்கு எப்பம் ஜூன் மாசம் வரும்?" என்று கேட்டார். நான் அவருக்குக் காப்பி போடப் போனேன்.

5

பொங்கலுக்கு முந்தின நாள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெருவில் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழையிலை வாங்க நிவேதாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தெருவில் அன்றைக்கு ஊரே இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தோன்றவில்லை.

"டீச்சர்!"

செல்விதான் முதலில் பார்த்தாள். பின்னாலேயே இசக்கி, இடுப்பில் பூக்கூடை. ஓடி வந்து நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதானா பாப்பா? எம்மா, எவ்ளோ வளத்தி! காய்ச்சல் கொறஞ்சிட்டாம்மா?" நிவேதா என்னைப் பார்த்தாள்.

பக்கத்துக் கடையில் தமிழ்த் தினசரிக் காலண்டர்கள் தொங்கின. செல்வி அதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, நா படிக்கேன் பாருங்க" என்று விரலை வைத்து, "நல்...ல நே...ரம், நல்ல நேரம்" என்று வாசித்தாள். கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். செல்வி காலண்டரில் அடுத்த வரியைத் தொட்டு, "இப்ப நீங்க படிங்க" என்றாள்.

நிவேதா குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தாள். விளையாட்டுக்காகப் பார்த்திருப்பாள். பிறகு நிமிர்ந்து, "மம்மி, முஜே நஹீ ஆத்தா" என்றாள். எனக்குத் தெரியாது என்று. இசக்கி பக்கம் திரும்பி, மரியாதையாக, உடைந்த தமிழில் சொன்னாள்: "ஆன்ட்டி, நான் தமிழ் படிக்கவே இல்ல. என் ஸ்கூல் ஃபர்ஸ்ட்லேர்ந்து இங்கிலீஷ் மீடியம்."

இசக்கி என்னைப் பார்த்தாள். "நாலாவது வரைக்கும்னியளே டீச்சர்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மறந்துட்டாம்மா. ரொம்ப நாளாச்சில்ல" என்றேன்.

செல்வியின் முகத்தில் பயம் வந்தது. "படிச்சா மறந்துருமா டீச்சர்? நானும் மறந்துருவேனா?"

இசக்கி பிள்ளையின் தலையில் கை வைத்து, "இல்லட்டி. வா" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் நடந்தாள். கரும்புக்காரர் என்னிடம் எத்தனை கழி என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லை.

ரயிலில் நிவேதா, "நீ பொய் சொன்னியா?" என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, "அந்தச் சின்னப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்திருக்க. எனக்கு ஏன் சொல்லிக் குடுக்கல? உனக்குத் தெரியும்தானே?" என்றாள்.

பகல் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கத்திவிட்டு வந்தால் சாயங்காலம் தொண்டை இருக்காது. நாங்கள் பட்ட பாடு அவள் பட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பதில்கள் இருந்தன. குர்லா வரைக்கும் அவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

6

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. செல்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜமீலா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போயி மன்னிப்புக் கேளுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார்.

போனேன். இசக்கி உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் சொன்னது முழுப் பொய், மகள் ஒருநாள்கூடத் தமிழ்ப் பள்ளிக்குப் போனதில்லை, மறந்துவிட்டாள் என்று சொன்னதும் பொய்.

"அது அன்னைக்கே தெரிஞ்சிட்டு. எதுக்குச் சொன்னிய?" என்றாள்.

"பிள்ளைங்க சேரலன்னா கிளாஸ மூடிருவாங்க. என்னை முலுண்டு பக்கம் மாத்திருவாங்க. அதான்."

"அப்போ எம் புள்ள ஒங்க வேலைக்காவத்தான் இவ்ளோ நாளு படிச்சிருக்கா."

அப்படி இல்லை என்று சொல்ல வந்தேன். தாய்மொழிக் கல்வியைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அவற்றைச் சொல்ல எனக்கு இனி வாய் ஏது?

இசக்கி குரலை உயர்த்தவில்லை. "டீச்சர், தமிழ்ல படிச்சது தப்புன்னு நா சொல்லல. அவ படிக்கதக் கேக்க எனக்கு அவ்ளோ ஆசயா இருக்கு. ஆனா ஒங்க புள்ளைக்கு எது நல்லதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சியல்லா? அதே நல்லத எனக்கு ஏன் சொல்லல? நா கேட்டேம்லா?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதற்கும் வெட்கமாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் நின்று நான் அழ, அவள் எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு அவளே சொன்னாள். சந்தில் மற்றவர்களிடம் அவள் எதுவும் சொல்லமாட்டாள், நான் சொல்வதானால் சொல்லிக்கொள்ளலாம். செல்வியை இந்த வருஷம் முடிய அனுப்புவாள். அடுத்த ஜூனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பாள். அங்கே பிள்ளையிடம் கேள்வி கேட்டுத்தான் சேர்க்கிறார்களாம். அதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"ஒங்களுக்கு இங்கிலீசு தெரியும்லா? குடுங்க" என்றாள்.

மாசக் கடைசியில் பெற்றோர் கூட்டம். நான் எழுந்து, என் மகள் இங்கே படிக்கவில்லை என்று சொன்னேன். தலைமையாசிரியர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். ஒரு தாய், "எங்களுக்கு முன்னமே சந்தேகந்தான்" என்றாள். இன்னொருத்தி, "விடுங்க டீச்சர், எங்களால அங்கெல்லாம் அனுப்ப முடியாது. நீங்க நல்லாச் சொல்லிக் குடுங்க" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த மாதங்களில் பள்ளி விட்டதும் செல்வி என்னோடு செம்பூருக்கு வருவாள். பாதி நாள் நிவேதாதான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். நான் பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டு கேட்டேன். என் மகள் என் மாணவிக்கு, என்னிடம் படித்தது போதாது என்பதற்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

7

இந்த ஜூனில், மழை தொடங்கிய வாரத்தில், அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கூப்பிட்டார்கள். செல்வியின் அப்பா இட்லி விற்கப் போயிருந்தார். இங்கிலீஷ் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்று இசக்கி என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

ஏ.சி. அறை. செல்வி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நிறங்கள், பழங்கள், கிழமைகள். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டபோது மட்டும் "தமிழ்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பள்ளித் தலைமை அம்மா சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார். நான் யார் என்று கேட்டார். ஆசிரியை என்றேன். எந்தப் பள்ளி என்றார். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கே தெரியும். வீட்டில் இவளோடு தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கிலீஷ் பேசட்டும், முடியாவிட்டால் இந்தியாவது பேசட்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குக் குழப்பம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பாஷையும் பிள்ளையைக் குழப்பாது. இத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவளுக்கு அது தெரியும். ஆனால் ஏதாவது சொல்லப்போய்ச் சீட்டுக் கிடைக்காமல் போனால்? இசக்கிக்கு இன்னொரு முறை நான் என்ன பதில் சொல்வேன்?

"கண்டிப்பா மேடம்" என்று தலையாட்டினேன்.

சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே மழை விட்டிருந்தது. செல்வி புதுச் சீருடை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே குதித்து வந்தாள். இசக்கி என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா அந்தம்மா என்னமோ சொல்லுச்சே, நீங்களும் தலையாட்டுனியளே. என்னதாம்?"

மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "வீட்டுல பிள்ளைட்ட தமிழ் பேசக்கூடாதாம்" என்றேன்.

"நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னுட்டேன்."

இசக்கி நடப்பதை நிறுத்திவிட்டாள். தேங்கிய தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஒரு டெம்போ போனது. அவள் சேலையை உதறிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரின்னது நீங்கதான டீச்சர்? அப்போ நீங்க பேசாம வாங்க."

பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து, தெருமுனை நாக்காவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க, "ஏட்டி செல்வி, பசிக்காட்டி? அந்தம்மா மூக்குல கண்ணாடி எப்படி நின்னுச்சு, பாத்தியா? விழுந்துருமோன்னு நா பயந்தேம் போ" என்றாள்.

செல்வி கெக்கலித்துச் சிரித்தாள். "விழாதும்மா, அதுல கயிறு கட்டிருக்கு, நா பாத்தேன்" என்றாள். கண்ணாடியிலிருந்து பேச்சு மின்விசிறிக்குப் போனது, அங்கிருந்து வாசலில் நின்ற பூனைக்குப் போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டு முன்னால் போனார்கள்.

நான் பேசாமல் பின்னால் நடந்தேன்.